வேடர் பாட்டு தமிழுக்கு வரும் வழி

நிவித்திகலவிலிருந்து கலவானைக்குப் போய், சிங்கராஜக் காட்டின் குடாவ வாசலை நோக்கித் திரும்பினால் வழியில் வெத்தாகல என்ற ஊர் வரும். பெயரிலேயே இலங்கையின் பூர்வகுடிகளான வேடரின் நினைவு இருக்கிறது. சபரகமுவ என்ற மாகாணப் பெயரையும் காட்டில் வேட்டையாடி வாழ்ந்த சபரரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. குவேனியின் பிள்ளைகள் இருவரும் சிவனொளிபாத மலைப் பக்கம் தப்பி வந்து குடியேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்களே புளிந்தர் என்று மகாவம்சம் கதை சொல்கிறது. நாம் கொழுந்து பறிக்கிற, பால் வெட்டுகிற இந்த மலைகளில் நமக்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்தவர்கள் வேடர்கள்.

ஆனால் அவர்களுடைய பாட்டு எப்படி இருக்கும் என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை கேட்டால், கையில் எடுத்துக் கொடுக்கத் தமிழில் புத்தகம் தேட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கிடைப்பது ஆங்கிலத்தில்தான். பூர்வகுடி மக்களின் பாட்டும் கதையும் வேறு மொழிக்கு எப்படிப் போகின்றன, அதில் எது தவறிப்போகிறது, தமிழுக்கு அவற்றை எப்படிக் கொண்டுவரலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

ஆங்கிலத்துக்குப் போன விதம்

வேடர் பாடல்களை ஆங்கிலேய அதிகாரியான ஹியூ நெவில் 1880களிலேயே சேகரித்துத் தம்முடைய 'தப்ரபேனியன்' இதழில் வெளியிட்டார். அதைவிடப் பெரிய வேலை 1907, 1908ஆம் ஆண்டுகளில் நடந்தது. சார்ள்ஸ் செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டாவும் இலங்கைக்கு வந்து வேடர் குடியிருப்புகளுக்கு நேரே போனார்கள். மெழுகு உருளையில் ஒலிப்பதியும் கருவி ஒன்றையும் கொண்டுபோனார்கள். அந்த ஒலிப்பதிவுகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர்களுடைய 'வேடர்கள்' என்ற பெரிய நூலை 1911இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது.

அந்த நூலில் தாலாட்டு, தேன் எடுக்கும் பாட்டு, யானையை விலக்கும் மந்திரம், இறந்தவர்களின் ஆவிகளையும் வேட்டைத் தெய்வமான கந்தே யக்காவையும் அழைக்கும் பாட்டு எனப் பல உண்டு. இசையை ஆராய்ந்த சார்ள்ஸ் மையர்ஸ், சில பாட்டுகள் இரண்டே சுரங்களில் அமைந்திருப்பதையும், வேறு சில மூன்று, நான்கு சுரங்கள் வரை போவதையும் வகைப்படுத்திக் காட்டினார்.

ஆனால் ஒரு பாட்டு அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. வேடர் பாடினார். உடன் வந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களம் வழியாக விளக்கினார். பிறகு சிங்களப் புலமை உள்ளவர்கள் சொற்களை ஆராய்ந்தார்கள். கடைசியில்தான் ஆங்கிலம் வந்தது. சில வரிகளுக்குப் பாடியவராலேயே பொருள் சொல்ல முடியவில்லை. இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த பாட்டில், முதலில் பாடியவருக்கும் கடைசியில் படிக்கிறவருக்கும் நடுவே எத்தனையோ பேருடைய ஊகம் கலந்திருக்கும். அந்தச் சேகரிப்பாளர்கள் பெரிய உழைப்பாளிகள், நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். ஆனாலும் அந்த ஆங்கிலத்தை எடுத்துத் தமிழாக்கினால், சங்கிலியில் இன்னொரு கண்ணிதான் கூடும்.

சொல்லை மட்டும் எடுத்தால் போதாது

அச்சில் பிறந்த நாவலை மொழிபெயர்ப்பவருக்கு முன்னால் முழுப் பிரதி இருக்கிறது. வாய்மொழிப் பாட்டில் பிரதி என்பது பாடும் அந்த நேரம்தான். வேடர்களின் கிரிகொரஹா சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால் ஊற்றிய மண்கலம் நடுவில் இருக்கும். தெய்வம் ஏறப்பெறுகிறவர் சடங்கு அம்பைக் கையில் பிடித்து அந்தக் கலத்தைச் சுற்றி ஆடுவார். மானின் தடம் பார்த்துப் போவதையும் எய்வதையும் நடித்துக் காட்டுவார். அப்போது பாடப்படும் வரிகளை மட்டும் பிரித்துத் தாளில் போட்டால், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் சலிப்பான வாசகமாகத் தெரியும். ஆட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் திருப்பிச் சொல்லல் எதற்கென்று விளங்கும். அது தெய்வத்தை அழைத்து நிறுத்துகிறது.

நீலகிரித் தோடர்களின் பாட்டு இன்னொரு நல்ல உதாரணம். தோடர் மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழி. மரே எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் அங்கே தங்கி வேலை செய்து, 1971இல் 'தோடர் பாடல்கள்' என்ற தொகுப்பை வெளியிட்டார். தோடர் பாட்டு மூன்று அசைகள் கொண்ட சிறு துண்டுகளால் ஆனது. அந்தத் துண்டுகள் சோடி சோடியாக வரும், எந்தத் துண்டுக்கு எது சோடி என்பது மரபில் நிலைத்திருக்கும். ஒரு எருமையின் பெயர், ஓர் ஊரின் பெயர், ஒரு சடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் அப்படி வழக்குகள் உண்டு. ஒரு துண்டைக் கேட்டதுமே தோடருக்கு முழுக் காட்சியும் மனதில் வரும். வெளியாருக்குப் பக்கக் குறிப்பு இல்லாமல் வராது. அதனால்தான் எமனோவின் நூலில் பாட்டை விடக் குறிப்பு கனமாக இருக்கிறது.

சில நல்ல முறைகள்

இந்தச் சிக்கலை உலகத்தில் பலர் பலவிதமாகத் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள்.

குவாத்தமாலாவின் கிச்சே மாயர்களுடைய 'போபோல் வூ' என்ற படைப்புக் கதையை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ சிமேனெஸ் என்ற பாதிரியார் பிரதியெடுத்தார். ஒரு பத்தியில் கிச்சே மொழி, பக்கத்துப் பத்தியில் ஸ்பானியம். அந்த மூலப் பத்தி இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அவருடைய மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் திருத்தவும் முடிந்தது. மூலத்தை அச்சிடாத மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அமெரிக்காவின் சூனி மக்கள் சொன்ன கதைகளை டென்னிஸ் டெட்லொக் 1972இல் வெளியிட்டபோது, கதைசொல்லி மூச்சு விட்டு நிறுத்திய இடத்தில் வரியை உடைத்தார். குரல் உயர்ந்த இடத்தைப் பெரிய எழுத்தால் காட்டினார். கண்ணால் படிக்கிறவருக்குக் காதால் கேட்பதில் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்பது நோக்கம்.

இவை வெளியார் செய்தவை. சமூகத்துக்குள்ளிருந்தே ஒருவர் எழுதும்போது நிலைமை மாறுகிறது. கேரளத்தின் மலையரையர் சமூகத்தைச் சேர்ந்த நாராயண் மலையாளத்தில் எழுதிய 'கொச்சரேத்தி' நாவல் 1998இல் வந்தது. பிற்பாடு கேத்தரின் தங்கம்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை நாடெங்கும் கொண்டுபோனது. அங்கே எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவுசெய்தவர் எழுதியவரே. மொழிபெயர்ப்பாளருக்குக் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார். பூர்வகுடி இலக்கியம் என்றால் பழம்பாட்டு மட்டும்தான் என்ற நினைப்பையும் இத்தகைய நூல்கள் மாற்றுகின்றன.

யாருடைய அனுமதி?

ஐக்கிய நாடுகள் சபை 2007இல் பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. அதன் 13ஆம் உறுப்புரை, தங்கள் மொழியையும் வாய்மொழி மரபையும் இலக்கியத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் உரிமை அந்த மக்களுக்கே உண்டு என்கிறது. 31ஆம் உறுப்புரை, தங்கள் பண்பாட்டுச் சொத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்கிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு இதன் பொருள் எளிது: கேட்காமல் எடுக்கக் கூடாது. சில மந்திரங்கள் வெளியே போகக் கூடாதவையாக இருக்கலாம். சில பாட்டை ஒரு குடும்பம் மட்டுமே பாடலாம். "இதை எழுத வேண்டாம்" என்றால் எழுதக் கூடாது.

வேடர்களிடம் நிறையவே பறிக்கப்பட்டிருக்கிறது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் வேட்டையாடித் தேன் எடுத்த காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட இடமானது. இன்றைய தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ 1996இல் ஜெனீவா வரை போய் இதைப் பேசினார். தேன் எடுக்கும் பாட்டை அழகாக மொழிபெயர்த்துவிட்டு, அந்தத் தேன் இருந்த பாறைக்கு அவர்கள் போக முடியாது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த மொழிபெயர்ப்பு குறையுள்ளதுதான்.

தமிழுக்குக் குறுக்குவழி இருக்கிறது

தமிழுக்கு வேடர் பாட்டு வர லண்டனைச் சுற்ற வேண்டியதில்லை. இரண்டு நேர் வழிகள் நம் நாட்டிலேயே உண்டு.

முதலாவது கிழக்கு. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழே பேசுகிறார்கள். அவர்களைப் பற்றிச் செலிக்மன் நூலிலேயே தனி அத்தியாயம் இருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பே தேவையில்லை, மரியாதையோடு கேட்டு அப்படியே எழுத ஆள் வேண்டும்.

இரண்டாவது வழி சபரகமுவத் தமிழரின் சிங்களம். தம்பானை வேடர்களின் பேச்சு, பழைய வேடர் மொழியும் சிங்களமும் கலந்து உருவானது என்று கே.என்.ஓ. தர்மதாச 1974இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. ஆக, சிங்களம் நன்றாகத் தெரிந்த தமிழருக்கு அது எட்டாத மொழி இல்லை. அப்படிப்பட்டவர்கள் எங்கே அதிகம்? இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில். நம் லயங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் சிறுவயது முதலே சிங்களம் பேசி வளர்கிறோம். இதை நாம் ஒரு குறையாகவே கேட்டுப் பழகிவிட்டோம், தமிழ் தேய்கிறது என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயம். ஆனால் இரண்டு மொழியும் நாவில் இருப்பது மொழிபெயர்ப்பு வேலைக்குக் கிடைத்த பெரும் முதல்.

நம்மிடம் இன்னொரு தகுதியும் உண்டு. நாம் பூர்வகுடிகள் அல்ல, அவர்கள் வரலாறும் நம் வரலாறும் வேறு. ஆனால் வாய்மொழிப் பாட்டு அச்சுக்குப் போகும் சிக்கல் நமக்குத் தெரியும். தோட்டத்து மக்கள் பாடிய பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அந்த மக்களின் வாழ்வை அவர் 1950களில் ஆங்கிலத்தில் பாடிய நெடுங்கவிதை, பின்னர் சக்தீ பால ஐயாவின் கையால் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழானது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடியவளின் பெயர் மறைந்து பாட்டு மட்டும் மிஞ்சுவதை நாம் கண்டிருக்கிறோம். அதே குறையை இன்னொரு மக்களுக்கு நாம் செய்யலாகாது.

தொடங்க நினைப்பவருக்கு

1. முதலில் அனுமதி கேளுங்கள். எதற்காகப் பதிகிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று சொல்லுங்கள்.
2. கைபேசியில் ஒலியைப் பதியுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுங்கள்.
3. கேட்டபடியே மூலத்தை எழுதுங்கள். அதன் கீழே சொல்லுக்குச் சொல் பொருள், அதற்கும் கீழே தமிழ் வடிவம்.
4. யார், எப்போது, எந்த வேலையின் நடுவே பாடுவது என்பதைக் குறியுங்கள். விளங்காத வரியை விளங்காததாகவே விடுங்கள்.
5. தமிழ் வடிவத்தின் பொருளைப் பாடியவரிடம் திரும்பச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரைப் பாட்டின் தலைப்பில் போடுங்கள்.

2022 முதல் 2032 வரையான காலத்தைப் பூர்வகுடி மொழிகளின் பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. மாநாடு கூட்ட நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் நிவித்திகலவில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, பெலிஹுல்ஓயாவில் சபரகமுவ பல்கலைக்கழகத்தில் மொழி படிக்கப்போகும் ஒரு தோட்டத்து மாணவிக்கு, இந்த ஐந்து படிகளும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு பாட்டை இப்படிச் செய்து முடித்தாலே போதும். அது வேடருக்கும் தமிழருக்கும் நடுவே மூன்றாம் மொழியில்லாமல் நடந்த பேச்சாக இருக்கும்.