உஷார்! ‘இந்த ரேட்டை இதுவரை தொட்டதே இல்லை சார்!’

கரன்சி டிரேடிங் சொல்லித் தருகிறேன் என்று டெலிகிராமில் குரூப் நடத்துபவர்கள் முதலில் அனுப்புவது ஒரு சார்ட். இரண்டு நாட்டு நாணயங்களுக்கு இடையிலான பத்து, இருபது வருஷ மாற்று விகிதம். அடியில் ஒரு சிவப்புக் கோடு. “இதுக்குக் கீழே போனதே இல்லை சார், ஹிஸ்டரியைப் பாருங்க!” உங்கள் போனுக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால், பணத்தைக் கட்டும் முன் திருப்பூர், கோவைப் பக்கம் 2007-ல் நடந்ததைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வருஷத் தொடக்கத்தில் 44 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், வருஷக் கடைசியில் 40-க்கும் கீழே வந்துவிட்டது. டாலரில் விலை பேசி பனியன் அனுப்புகிறவருக்கு லாபமே அதில் கரைந்துபோனது. அந்த நேரம் பார்த்து, நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்று வங்கிகள் ‘டெரிவேட்டிவ்’ ஒப்பந்தங்களை விற்றன. அவற்றில் பல, ரூபாய் சம்பந்தப்பட்டவையே அல்ல. டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் நடுவிலான பந்தயம். திருப்பூரில் பிராங்கில் பில் போடுகிறவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சார்ட் என்னவோ அழகாகத்தான் இருந்தது. 2000-ல் ஒரு டாலருக்கு 1.80 பிராங்க். 1995-ல் 1.11-ஐ ஒட்டி இறங்கி, அங்கிருந்து திரும்பியிருந்தது. 2007 நடுவில் 1.23. ஆக, 1.10 என்பது யாரும் பார்க்காத ரேட். ஒப்பந்தம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு: டாலர் 1.10-ஐத் தொடாதவரை உங்களுக்கு ஒரு சிறு தொகை லாபம். ஒரே ஒரு முறை தொட்டாலும் போச்சு, ஒரு கோடி டாலரை 1.30 பிராங்க் விலையில் நீங்கள் வாங்கியே ஆக வேண்டும். சந்தையில் டாலர் 1.00-க்கு வந்திருந்தால் நஷ்டம் 30 லட்சம் பிராங்க். லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு, நஷ்டத்துக்குக் கிடையாது!

2008 மார்ச்சில் டாலர் 1.10-ஐ மட்டுமல்ல, 1.00-ஐயும் உடைத்துக்கொண்டு இறங்கியது. கோவையைச் சேர்ந்த சர்க்கரை நிறுவனம் ஒன்று, இது சூதாட்டம், ஒப்பந்தம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சூதாட்டம் அல்ல என்று 2008 அக்டோபரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதிமீறலுக்காக 2011-ல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது உண்மைதான். எவ்வளவு என்கிறீர்கள்? ஆளுக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை.

இறக்கம் அதோடும் நிற்கவில்லை. 2011 ஆகஸ்ட்டில் டாலர் 0.71-க்குப் பக்கத்தில் போய் நின்றது. பிராங்க் இப்படி ஏறினால் நம் ஏற்றுமதி என்னாவது என்று பயந்த சுவிஸ் தேசிய வங்கி, 2011 செப்டம்பர் 6 அன்று, யூரோவை 1.20 பிராங்குக்குக் கீழே விட மாட்டோம் என்று அறிவித்தது. மூன்று வருஷத்துக்கும் மேல் யூரோ கிட்டத்தட்ட அந்தப் பக்கம் இறங்கவே இல்லை. கடைசி மாதங்களின் சார்ட்டைப் பார்த்தால் தரையில் கோலம் போட ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கோடு. இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று 1.20-ல் கடன் வாங்கி யூரோவை வாங்கிக் குவித்தார்கள்.

2015 ஜனவரி 15 காலை, முன்னறிவிப்பே இல்லாமல் வங்கி அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 0.90-க்கும் கீழே. சொன்ன விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ‘ஸ்டாப் லாஸ்’ போட்டவர்களுக்கும் அது உதவவில்லை, 1.19-ல் வாங்க ஆளே இல்லை என்றால் எந்த விலையில் விற்பது? லண்டனின் அல்பாரி யுகே திவாலானது. அமெரிக்காவின் எஃப்எக்ஸ்சிஎம் நிறுவனத்துக்கு அதன் வாடிக்கையாளர்கள் திருப்பித்தர வேண்டிய பாக்கி மட்டும் 22.5 கோடி டாலர். போட்ட பணம் போய், அதற்கு மேல் கடனும் வந்தது என்று அர்த்தம்.

இப்போது பழைய ரேட் பட்டியல் ஒன்றை எடுத்து அந்த மாதத்தைத் தேடுங்கள். மாத சராசரிப் பட்டியல் என்றால் 2015 ஜனவரிக்கு 1.09 என்று சாதுவாக ஓர் எண் இருக்கும். தினசரி முடிவு விலையில்கூட 0.90 தெரியாது. அந்தக் காலைப் பொழுது இரண்டிலும் இல்லை! ‘தொட்டாலே போச்சு’ என்கிற ஒப்பந்தத்துக்கு, சராசரிப் பட்டியலைக் காட்டி ஒருவர் விளக்கம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சார்ட் எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்றும் கேளுங்கள். டாலர்-பிராங்க் கோட்டை 1995-லிருந்து வரைந்தால் ஏறி இறங்கும் அலை. 1971-லிருந்து வரைந்தால், டாலர் நாலு பிராங்குக்கும் மேலே இருந்து உருண்டு வந்த கதை. விற்பவர் எதைக் காட்டுவார் என்று உங்களுக்கே தெரியும்.

கோடு ஆடாமல் அசையாமல் இருக்கிறதா? யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். யார், எதற்காக, எவ்வளவு நாளைக்கு என்பது சார்ட்டில் வராது.

இன்னொன்று, இது சட்ட விஷயம். இந்தியாவில் இருப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தைகளில் ரூபாயோடு டாலர், யூரோ, பவுண்ட், யென் ஜோடிகளிலும், இவை தவிர யூரோ-டாலர், பவுண்ட்-டாலர், டாலர்-யென் ஜோடிகளிலும் மட்டுமே டிரேடிங் செய்யலாம். டாலர்-பிராங்க் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வெளிநாட்டு ஆப்பில் மார்ஜின் கட்ட இங்கிருந்து பணம் அனுப்புவது அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி (ஃபெமா) தவறு. ஏமாந்தவர் புகார் கொடுக்கப் போனால் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அனுமதி இல்லாத ஆப்களின் ‘அலர்ட் லிஸ்ட்’ ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. உங்களுக்கு வந்த ஆப்பின் பெயர் அதில் இல்லாவிட்டாலும் சந்தோஷப்பட வேண்டாம். அனுமதி பெற்றவர்களின் பட்டியலையும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்க வேண்டியது அதில்தான்.