ஏரிக்கரை வழியே ஒரு பந்தயம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளியைக் கடந்து போவோர் நாள்தோறும் எண்ணற்றவர். சாலையின் இருபுறமும் நிற்கும் பாறைக்குன்றுகளின் பெயரைக் கேட்டறிந்தவர் அவர்களுள் எத்தனை பேர்? வழிப்போக்கரை விடுவோம். இங்கேயே பிறந்து, இங்கேயே தறி நெய்தும் ஏர் பூட்டியும் வாழும் நம் அங்கத்தினர்களைக் கேட்டாலும் விடை அத்துணை எளிதில் வருவதில்லை. நெசவாளர் காலை முதல் மாலை வரை தறிக்குழியில் அமர்ந்திருக்கிறார். அவர் கண் பாவை விட்டு நான்கு முழத்துக்கு அப்பால் செல்வதில்லை. பயிரிடுவோர் நடக்கிறார், மெய்தான். ஆனால் தம் வயல் வரப்போடு அவர் நடை முடிந்துவிடுகிறது. விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளோ அந்த வரப்பையும் மிதிப்பதில்லை.

ஆகவே வருகின்ற தைப்பொங்கலை ஒட்டி நம் வட்டாரத்துச் சங்கங்களுக்குள் ஒரு பந்தயம் வைக்கலாம் என்று கருதுகிறோம். ஓட்டப் பந்தயம் அன்று. எருது விடும் விழாவுக்குப் போட்டியாகவும் இதைச் சொல்லவில்லை. அதற்கு நம் மாவட்டத்தில் கூட்டம் என்றும் குறையாது. ஏரிக்கரை, ஓடைக்கரை, பழைய வண்டிப்பாதை, குன்றின் அடிவாரம் ஆகியவற்றை நடந்து பார்த்து, கண்டதை எண்ணி எழுதி வைக்கும் பந்தயம் இது.

இது நாமாகப் புனைந்த புதுமை அன்று. அமெரிக்க நாட்டில் கிறிஸ்துமஸ் நாளன்று துப்பாக்கியோடு அணியணியாகக் காட்டுக்குள் சென்று, எந்த அணி மிகுதியாகச் சுட்டது என்று போட்டியிடும் வழக்கம் முன்னாளில் இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவையறிஞர் 1900ஆம் ஆண்டு அந்நாளில், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று அழைத்தார். அன்று இசைந்து வந்தவர் 27 பேர் மட்டுமே. இன்றோ அக்கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறுகிறது. நம் நாட்டிலும் சில பகுதிகளில் பொங்கலையொட்டி முயல் வேட்டைக்குச் செல்லும் வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது குற்றம். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். விதி மிக எளியது: விரும்பிய இடத்தில் பதினைந்து நிமிடமேனும் நின்றோ நடந்தோ, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து, ஈபேர்டு என்னும் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். கைபேசி உள்ள பிள்ளை வீட்டுக்கு ஒருவரேனும் இருப்பதால் இதில் நமக்குத் தடை ஏதும் இல்லை.

என்ன காணலாம்? தண்ணீர் நிற்கும் ஏரியாயின் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி ஆகியவற்றைக் காணலாம். ஈரக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் வாலாட்டிகளுள் சில, வடக்கே வெகு தொலைவிலிருந்து பனிக்காலத்துக்கென்றே இங்கு வருபவை. வயலோரத்துக் கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானை எல்லோரும் பார்த்திருப்போம்; ஒரு நாழிகை நேரம் அது எத்தனை முறை இறங்கிப் பூச்சி பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் அரியர். வயலில் பறவைதாங்கி நடுமாறு வேளாண் துறையினர் கூறுவது இதன் பொருட்டே. மாந்தோப்புக்காரர் ஒன்றைத் தனியே கவனிக்குமாறு வேண்டுகிறோம். பொங்கல் வேளையில் மா பூக்கத் தொடங்கியிருக்கும். பூங்கொத்தின் எதிரே கால் மணி நேரம் நின்றால், மகரந்தம் சேர்க்கும் வேலையைத் தேனீக்களோடு சிறு ஈக்களும் செய்வது விளங்கும். பூ மலர்ந்த நிலையில் மருந்தடிக்க வேண்டாம் என்று சொல்வதன் காரணம் அப்போது கண்ணுக்கே தெரிந்துவிடும். மல்பெரி வளர்ப்போருக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வயலில் அடித்த மருந்து காற்றோடு வந்து இலையில் படிந்தால் பட்டுப்புழு மடியும் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

குன்றுப்பக்கம் செல்வோர் தேடத்தக்க பறவை ஒன்று உண்டு. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்பது அதன் பெயர். உருண்டைப் பாறைகளும் முட்புதர்களும் நிறைந்த தென்னிந்தியக் குன்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. நமக்கு வடக்கே நந்தி மலையிலும் தெற்கே மேலகிரியிலும் அதைக் கண்டிருக்கின்றனர். அழிவாய்ப்புள்ள பறவையாக அதைப் பட்டியலிட்டுள்ளனர். காரணத்தை நம்மவரிடம் விளக்கவும் வேண்டுமோ? கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. பெயர்த்த பாறை மீண்டும் வளர்வதில்லை. எந்தக் குன்றில் எது வாழ்கிறது என்ற கணக்கு ஊராரிடம் இல்லாதபோது, 'அங்கே வெறும் பாறைதானே' என்று எவரும் சொல்லிவிடலாம். மறுக்க நம் கையில் ஒரு தாளும் இராது.

பறவையில் நாட்டம் இல்லாதவர் கல்லைப் பார்க்கட்டும். மல்லசந்திரத்துக் கல்திட்டைகளும் மல்லப்பாடிப் பாறை ஓவியங்களும் நம் மாவட்டத்தில் உள்ளவையே. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

இனி, அச்சம் தரும் செய்தியையும் மறையாது சொல்ல வேண்டும். நடப்பதற்கு இனிய பருவம் எதுவோ, அதுவே யானைகள் வரும் பருவம். ராகி முதிரும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கித் தேன்கனிக்கோட்டை, சானமாவுக் காடுகள் வரை வருகின்றன. சில ஆண்டுகளில் நெடுஞ்சாலையையும் கடந்து சூளகிரிப் பக்கம் வந்துவிடுகின்றன. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும் எனின், ஒரே இரவில் ராகிக் கொல்லை என்னாகும் என்பது நட்டமடைந்தோருக்குத் தெரியும். உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. எனினும் யானைக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. தன் பாட்டி நடந்த வழிதான் தெரியும். அவ்வழியில் எங்கே ஓடை குறுகியது, எங்கே புதுச் சுவர் எழுந்தது என்பதைப் பகலில் நடந்து குறித்து வைக்கும் ஊருக்கு, இரவில் காவல் இருப்பது சற்றேனும் எளிதாகும்.

ஆதலால் விடிந்தபின்னரே புறப்பட வேண்டும், பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும், தனியே செல்லலாகாது, வனத்துறையின் இசைவின்றிக் காப்புக்காட்டுக்குள் காலெடுத்து வைக்கலாகாது. தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது அதன் பின்னரே. காட்டுக்குள்ளேயே செல்ல விரும்பும் இளைஞருக்கு இப்போது முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அவற்றுள் குத்திராயன் சிகரமும் அய்யூர் சாமி ஏரிப் பாதையும் நம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு செல்லலாம். கட்டணம் உண்டு. நம் ஏரிக்கரைக்குக் கட்டணம் இல்லை என்பதையும் நினைவூட்டுகிறோம்.

தென்பெண்ணைப் பக்கத்துச் சங்கங்கள் ஆற்றங்கரையையே தேர்ந்துகொள்ளலாம். நந்தி மலைப்பகுதியில் தோன்றும் அந்த ஆறு, நகரக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருவதும், அணையிலிருந்து நீர் திறக்கும்போது வெண்ணுரை பொங்குவதும் செய்தித்தாள்களில் படித்ததே. நாளும் நேரமும் இட்டு, நீரின் நிறம், வாடை, நுரை ஆகியவற்றை நம் குறிப்பேட்டில் நாமே எழுதி வைப்போமாயின், மனுக் கொடுக்கும் நாளில் அது உதவும்.

பந்தயத்தின் முறையைச் சொல்லிவிடுகிறோம். பொங்கல் நாட்கள் நான்கும் பந்தய நாட்கள். மிகுதியான பறவை கண்ட சங்கத்துக்குப் பரிசு என்று முதலில் எண்ணினோம்; பெரிய ஏரி உள்ள ஊரே வெல்லும் என்பதால் அதைக் கைவிட்டோம். அங்கத்தினரில் நூற்றுக்கு எத்தனை பேர் நடந்தனர் என்பதே அளவுகோல். சிறு சங்கமும் பெரிய சங்கமும் இதில் ஒன்றே. பெண்கள் நடந்தால் ஒருவருக்கு இரண்டாகக் கணக்கு. பாவு ஓட்டுவதும் களையெடுப்பதும் சமைப்பதுமாக இருப்பவர் வெளியே வர வேண்டுமானால் வீட்டில் உள்ள மற்றவர் அடுப்பங்கரைக்குச் செல்ல வேண்டியிருக்குமல்லவா? அதற்காகவே இது. பரிசு, நம் தறியில் நெய்த போர்வை ஒன்று.

ஒவ்வொரு சங்கமும் ஒரு குறிப்பேட்டில் நாள், இடம், நேரம், கண்டது, எண்ணிக்கை என்று பத்தி பிரித்துக் கொள்க. பெயருக்கு மட்டும் மூன்று பத்திகள் விடுக. நம் ஊர்களில் மயில் ஒரு வீட்டில் நெமலி, அடுத்த வீட்டில் நவிலு. சிட்டுக்குருவி பிச்சுக்க என்றும் குப்பச்சி என்றும் அழைக்கப்படும். அந்தப் பத்திகளை நிரப்பத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிமாரின் துணை வேண்டும். அவர்களால் ஏரி வரை நடக்க இயலாவிடினும், பெயர் சொன்னவரையும் நடந்தவராகவே சேர்த்துக்கொள்கிறோம். குறிப்பேடுகள் தை மாத முடிவுக்குள் சங்க அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்.