தீயும் பனியும் வளர்த்த மக்கள்

பனிக்கட்டி நாடு என்னும் பொருள்படப் பெயர் பூண்ட ஐஸ்லாந்து, உண்மையில் தீயினாற் பிறந்த தீவாகும். வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே, ஆட்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே அது அமைந்துள்ளது. பரப்பளவில் இலங்கையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டதாயினும், அங்கு வாழும் மக்கள் நான்கு இலட்சம் அளவினரே. இத்துணைச் சிறிய மக்கட் கூட்டம், பயிர்ச்செய்கைக்கு எளிதில் இடங்கொடாத மண்ணிலே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நின்றது எவ்வாறு என்பதே அந்நாட்டைப் பற்றி அறியத்தக்க முதற் செய்தி.

புவியோட்டின் இரு பெருந் தகடுகள் ஒன்றையொன்று விட்டு விலகும் இடத்திலே ஐஸ்லாந்து அமைந்துள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் அளவில் அவை விலகுகின்றன. அவ்விலகலால் உண்டான பிளவுப் பள்ளத்தாக்குகளுள் ஒன்று திங்வெட்லிர் என்பது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்வேயிலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர், கி.பி. 930 அளவில் அவ்விடத்திலேயே தம் பேரவையைக் கூட்டினர். சட்டங்கள் எழுத்தில் வராத அக்காலத்திலே, அவற்றை மனத்திலிருத்திய ஒருவர், ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக மக்கள் முன்னிலையில் ஓதுவார். பின்னர் நோர்வே அரசும் டென்மார்க் அரசும் அத்தீவை ஆண்டன. 1944 ஜூன் 17இல் ஐஸ்லாந்து குடியரசானபோது, அந்தப் பிரகடனமும் திங்வெட்லிரிலேயே செய்யப்பட்டது.

நிலத்தடித் தீ அம்மக்களைப் பலமுறை சோதித்தது. 1783இல் லாக்கி என்னுமிடத்தில் நிலம் பிளந்து, எட்டு மாதம் எரிமலைக்குழம்பைக் கக்கியது. அதனோடு வெளிப்பட்ட நச்சுவாயு புல்லிற் படிந்தது; புல்லை மேய்ந்த கால்நடைகள் மடிந்தன; பஞ்சம் தொடர்ந்தது. நாட்டு மக்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மாண்டனர்.

எனினும், 1973 ஜனவரி 23இல் நிகழ்ந்தது வேறு கதை. ஹெய்மாய் என்னும் சிறு தீவிலே, நள்ளிரவு கடந்தபின், ஊரின் அருகிலேயே நிலம் வெடித்தது. முந்திய நாளிற் புயல் வீசியமையால், மீன்பிடிக் கலங்களுட் பெரும்பாலானவை கடலுக்குச் செல்லாது துறைமுகத்தில் நின்றன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அக்கலங்களில் ஏறி, சில மணி நேரத்துள் பெருந்தீவை நோக்கிப் புறப்பட்டனர். குழம்பு வீடுகளை விழுங்கித் துறைமுக வாயிலை நெருங்கிற்று. துறைமுகம் அடைபட்டால் மீன்பிடித் தொழில் இல்லை. தொழில் இல்லையேல் ஊரும் இல்லை. ஆதலால், கடல்நீரைக் குழாய்கள் மூலம் பாய்ச்சிக் குழம்பைக் குளிர்விக்க முனைந்தனர். மாதக்கணக்கில் நடந்த அம்முயற்சியினால் குழம்பின் முனை இறுகிற்று, துறைமுகம் தப்பியது. ஜூலையில் எரிமலை அடங்கியபின், மக்களுட் பெரும்பாலோர் சாம்பலை அகற்றி மீண்டும் குடியேறினர்.

அழிக்கும் வெப்பமே அந்நாட்டுக்கு அடுப்புமாயிற்று. தலைநகராகிய ரெய்க்யவிக்கில், 1930 முதல் வெந்நீரூற்றுக்களின் நீரைக் குழாய்வழிக் கொணர்ந்து கட்டடங்களைச் சூடாக்கலாயினர். இன்று நாட்டு வீடுகளில் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தடி வெப்பத்தினாலேயே குளிர் காக்கப்படுகின்றன.

நிலத்தைக் காத்தது போலவே மொழியையும் அவர்கள் காத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வீரகதைகளை இன்றைய ஐஸ்லாந்தியர் பெரிதும் இடரின்றிப் படித்தறிவர். தொலைபேசி வந்தபோது, நூலிழையைக் குறித்த 'சீமி' என்னும் வழக்கொழிந்த சொல்லை மீட்டு அதற்குச் சூட்டினர். கணினிக்கு, எண் என்பதையும் குறிசொல்பவள் என்பதையும் இணைத்து 'தோல்வா' எனப் புதுச்சொல் ஆக்கினர். பழஞ்சுவடிகளைத் தேடித் திரட்டிய ஆர்னி மக்னுசன் என்னும் அறிஞரின் சேகரம் கோப்பன்ஹேகனில் இருந்தது. அச்சேகரத்தின் ஒரு பகுதி 1728இல் அந்நகரத்தை எரித்த பெருந்தீயில் அழிந்தது. டென்மார்க்கிலிருந்து முதற் சுவடிகள் இரண்டு 1971 ஏப்ரல் 21இல் கப்பலேறித் தாயகம் வந்தன. அவற்றை வரவேற்கத் துறைமுகத்திலே பெருங்கூட்டம் திரண்டது.

பெயரிடும் வழக்கும் பழமையானதே. அங்குக் குடும்பப் பெயர் உடையோர் சிலரே. தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் என்னும் சொல்லைச் சேர்ப்பது பெருவழக்கு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடும் தமிழருக்கு இது வியப்பாகாது. 1980இல் மக்களின் வாக்கினால் சனாதிபதியான உலகின் முதற் பெண்மணி விக்டிஸ் பின்போகடோட்டிர், பின்போகியின் மகள் எனவே பெயர் பெற்றார்.

சோதனை இன்னும் முடியவில்லை. 2023 நவம்பர் 10 இரவு, கிரிண்டவீக் என்னும் மீன்பிடியூரின் மக்கள் அனைவரும் வீடு துறந்து வெளியேற நேர்ந்தது. அடுத்த ஜனவரியில் குழம்பு ஊரெல்லையுட் புகுந்து மூன்று வீடுகளை எரித்தது. முன்னரே எழுப்பிய அணைகள் குழம்பின் பெரும்பகுதியைத் திசை திருப்பியமையால் அழிவு குறைந்தது.

ஆயினும், தீக்கு அணை கட்டியோர் பனிக்கு அணை கட்ட இயலாதிருக்கின்றனர். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்திலொரு பங்கைப் பனியாறுகள் மூடியுள்ளன. உலகம் வெப்பமுறுதலால் அவை சுருங்கி வருகின்றன. ஓக் என்னும் மலைமேல் இருந்த பனி, தன் எடையினால் நகரும் ஆற்றலை இழந்தமையால், 2014இல் பனியாறு என்னும் நிலையினின்று நீக்கப்பட்டது. 2019இல் மக்கள் அம்மலையேறி, வருங்காலத்தவரை விளித்து எழுதிய செப்புத் தகடொன்றைப் பாறையிற் பதித்தனர். எரிமலைக்குழம்பின் முனையை ஓர் ஊரார் கடல்நீரால் இறுகச் செய்தனர். பனியாற்றைக் காப்பதோ ஒரு தீவின் மக்களால் மட்டும் ஆகும் காரியமன்று.