இரும்பை இழக்கும் நொதிகள்

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட், சர்க்கரை நிறையக் கிடைக்கும்போது அதை நொதிக்கச் செய்தே பிழைத்துக்கொள்ளும். கிளிசரால் போன்ற உணவு மட்டும் கிடைத்தால், மைட்டோகாண்ட்ரியாவின் துணையோடு சுவாசித்தாக வேண்டும். அப்போது உட்சவ்வின் எலக்ட்ரான் கடத்தும் தொடரிலிருந்து சில எலக்ட்ரான்கள் நழுவி ஆக்சிஜனைச் சேர்கின்றன. இப்படி உண்டாகும் சூப்பராக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு தோன்றுகிறது.

இவற்றால் எளிதில் பழுதாகும் நொதி அகோனிட்டேஸ். சிட்ரிக் அமிலச் சுழற்சியில் சிட்ரேட்டை ஐசோசிட்ரேட்டாக மாற்றுவது இதுவே. இதன் மையத்தில் நான்கு இரும்பணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் கனசதுரமாகக் கோத்த கொத்து ஒன்று உள்ளது. மூன்று இரும்பணுக்களை நொதியின் சிஸ்டீன்கள் பற்றியிருக்கின்றன. நான்காவதற்கு அந்தப் பிடிப்பு இல்லை. சிட்ரேட் பிணைவது அதில்தான் என்பதால் அது திறந்தே இருக்க வேண்டியிருக்கிறது. சூப்பராக்சைடு இந்தக் கொத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்ததும் நான்காம் இரும்பு கழன்றுவிடுகிறது, நொதி செயலிழக்கிறது. கழன்ற இரும்போ ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, அருகிலுள்ள எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது.

லைசின் தயாரிப்புக்கு உதவும் ஹோமோஅகோனிட்டேஸும் இதே வகைக் கொத்தைக் கொண்ட மைட்டோகாண்ட்ரிய நொதி. சூப்பராக்சைடை அகற்றும் சாட்-1 நொதி இல்லாத ஈஸ்ட், காற்றுள்ள இடத்தில் லைசின் கொடுக்காவிட்டால் வளர்வதில்லை. ஆக்சிஜனை நீக்கிவிட்டால் இந்தத் தேவை மறைகிறது.

சூப்பராக்சைடை அகற்றும் இத்தகைய நொதி இருப்பதை மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969இல் அறிவித்தனர். ஈஸ்டில் செம்பும் துத்தநாகமும் கொண்ட சாட்-1 பெரும்பாலும் சைட்டோபிளாசத்திலும், ஓரளவு மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு இடையிலும் உள்ளது. மாங்கனீசு கொண்ட சாட்-2 மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையில் இயங்குகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைப்பதில் சைட்டோகுரோம் சி பெராக்சிடேஸுக்குப் பங்குண்டு. இரும்பை மட்டும் இழந்த அகோனிட்டேஸ், அது மீண்டும் சேர்ந்தால் உயிர்பெறும். திருத்த முடியாத அளவுக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்த புரதங்களைப் பிம்-1 என்ற புரோட்டியேஸ் துண்டாடி அகற்றுகிறது.

இக்கொத்துகளைக் கட்டமைக்க ஃபிராட்டாக்சின் என்ற புரதம் தேவை. மனிதரில் இது குறைந்தால் ஃபிரீட்ரிக் அட்டாக்சியா என்னும் நரம்பு நோய் வருகிறது. அதற்கான மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. ஈஸ்டில் இதற்கு இணையான புரதத்தை நீக்கினால் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு குவிகிறது, அகோனிட்டேஸின் செயல்திறன் சரிகிறது. நோயின் மூலக்கூறு அடிப்படையை ஆராய்ச்சியாளர்கள் ஈஸ்டில் தேடுவது இதனால்தான்.