செஞ்சிப் பாறையின் நிறம்

செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி 1677-இல் கைக்கொண்டதும், பின்னர் மொகலாயர் படை ஆண்டுக்கணக்கில் அதனை முற்றுகையிட்டதும் நேயர்கள் அறிந்தவையே. நான் சொல்ல வந்தது அங்குள்ள பாறையைப் பற்றி. அதைப் பார்க்க எனக்கு வழிகாட்டியவர் எட்வர்டு லியர் என்னும் ஆங்கில ஓவியர்.

1812-இல் பிறந்த லியர், இருபது வயதளவில் கிளிகளின் படத்தொகுதி ஒன்றினால் பெயர் பெற்றார். பாடம் செய்த பறவைகளைப் பார்த்து எழுதுவதே அக்காலத்தில் பெருவழக்கு. அவரோ இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ள கிளிகளின் அருகிலிருந்து எழுதினார். இயற்கைக் காட்சிகளுக்குத் திரும்பிய பின்னும் அந்தக் கண் மாறவில்லை. 1874-இல், அறுபத்திரண்டாம் வயதில், தமிழகத்துக்கு வந்து மாமல்லபுரத்தையும் வரைந்தார்.

வெளியிடத்தில் அவர் பென்சிலால் கோடு மட்டும் இழுப்பார்; நிறங்களை அந்தந்த இடத்திலேயே சொற்களாகக் குறித்துக்கொள்வார். மையும் வண்ணமும் பிறகுதான். பாறை என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே பிழையாக எழுதும் குறும்பும் அவருக்கு உண்டு. நம் வாத்தியார்கள் பிரம்பை எடுத்திருப்பார்கள்!

இம்முறையின் அருமை எனக்குச் செஞ்சியில்தான் விளங்கியது. நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீண்டாமல் விட்ட காகிதமே. எதை விடுவது என்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் இராஜகிரியின் எதிரே அமர்ந்து நேராக வண்ணம் தீட்டினேன். வெயிலில் தூரிகை நகருமுன் ஈரம் உலர்ந்து, வானமெங்கும் திட்டுத்திட்டாகக் கறை படிந்தது.

மறுநாள் பென்சிலோடு மட்டும் சென்றேன். உருண்டைப் பாறைகளின் நிழலில் ‘கறுப்பு’ என்று எழுதினேன். மீண்டும் பார்த்தேன், கறுப்பில்லை. எதிர்ப்பாறையில் பட்ட வெயில் திரும்பி வந்து நிழலுக்குள் செம்மை ஏற்றியிருந்தது. உண்மையில் கறுத்திருந்தவை மழைநீர் வழிந்த தடங்கள். ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் அங்கே படலமாய்ப் படிந்துவிடுகின்றன. கோட்டை மதிலும் அதே கல்லாதலால் தொலைவில் குன்றோடு கலந்துவிடுகிறது. நிழலின் விளிம்பு நேராக ஓடினால் மதில், வளைந்தால் பாறை என்று பிரித்தறிய எனக்கு ஒரு காலைப்பொழுது சென்றது. ஒன்பது மணிக்கெல்லாம் அந்த நிழலும் சுருங்கிவிட்டது.

மாலையில் அறைக்கு வந்து வண்ணம் குழைத்தேன். தாளில் ‘கறுப்பு’ அடிக்கப்பட்டு, ‘பழம்புளி நிறம், ஓரத்தில் சிறிது நீலம்’ என்றிருந்தது. அதைக் கொண்டுவர மூன்று காகிதங்கள் வீணாயின. நான்காவதில் பாறை வந்தது. வானத்தைத் தீண்டாமல் விட்டுவிட்டேன்.