முள் காட்டும் வேகமும் காற்று விடும் வேகமும்

கடைத்தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பக்கத்தில் யாருமில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? மெல்ல அருகே போய், ஹேண்டில் பாரின் நடுவே இருக்கும் வட்டமான கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பீர்கள். கடைசி எண் 120 என்றிருந்தால், “இந்த வண்டி 120 போகும்” என்பீர்கள். பக்கத்து வண்டியில் 160 என்றிருந்தால், அதுதான் வேகமான வண்டி என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

இந்த முடிவு சரிதானா? பழைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

இரண்டு வண்டிகள், இரண்டு எண்கள்

முதல் வண்டியின் பெயர் வின்சென்ட் பிளாக் ஷாடோ. இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்னும் ஊரில் செய்யப்பட்டு, 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு சிலிண்டர்கள், கொள்ளளவு 998 கன சென்டிமீட்டர், ஆற்றல் 55 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் கடையில் விலைக்குக் கிடைத்த மோட்டார் சைக்கிள்களில் மிக வேகமானது என்று பெயர் வாங்கிய வண்டி இது. இதன் வேகமானி 5 அங்குல அகலம் கொண்டது. ஏறக்குறைய ஒரு சிறிய சுவர்க் கடிகாரம்போல எழுந்து நிற்கும். அதில் மணிக்கு 150 மைல் வரை எண்கள் இருந்தன. ஆனால் வண்டியின் உச்ச வேகமோ சுமார் 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர்.

இரண்டாவது வண்டி, ஜப்பானில் செய்யப்பட்ட ஹோண்டா சி.பி.எக்ஸ். ஆறு சிலிண்டர்களும் 1047 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டது. இது மணிக்குச் சுமார் 130 மைல் வேகம் போகக்கூடியது. ஆனால் 1980இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட சி.பி.எக்ஸின் வேகமானியைப் பார்த்தால் வியப்படைவீர்கள். அதில் கடைசி எண் வெறும் 85 மைல்தான்!

125 மைல் போகும் வண்டியில் 150. 130 மைல் போகும் வண்டியில் 85. அப்படியானால் அந்தக் கடைசி எண்ணுக்கு என்னதான் பொருள்? இதைத் தெரிந்துகொள்ள முதலில் வேகமானிக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

வேகமானி எண்ணுவது எதை?

உண்மையில் வேகமானிக்குச் சாலை தெரியாது, மரம் தெரியாது, மைல்கல்லும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பது மட்டுமே. பழைய வண்டிகளில் சக்கரத்திலிருந்தோ கியர் பெட்டியிலிருந்தோ ஒரு கேபிள் மேலே வரும். உறைக்குள் இருக்கும் கம்பி, சக்கரம் சுற்றச் சுற்றத் தானும் முறுகிச் சுழலும். பல ஆங்கிலேய வண்டிகளில் ஒரு மைல் தொலைவுக்குக் கம்பி 1600 சுற்று சுற்றும்படி பல்சக்கரங்களை அமைத்திருந்தார்கள். 60 மைல் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மைல் அல்லவா? அப்போது கம்பி நிமிடத்துக்கு 1600 சுற்று சுற்றும்.

இந்தச் சுழற்சியை வேகமாக மாற்றிக் காட்ட இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, எண்ணிப் பார்ப்பது. பிளாக் ஷாடோவில் இருந்தது இந்த வகைதான். உள்ளே கடிகாரத்தில் இருப்பதுபோன்ற ஒரு பொறி இருக்கும். குறிப்பிட்ட சிறு நேரத்தில் கம்பி எத்தனை சுற்று சுற்றியது என்று அது கணக்கிடும். முள்ளை அதற்குரிய இடத்தில் நிறுத்தும். மறுபடியும் எண்ணத் தொடங்கும். ஆகவே வேகம் கூடும்போது முள் வழுக்கிக்கொண்டு போகாது, விட்டுவிட்டுத் தாவும். துல்லியமான கருவிதான். ஆனால் நுட்பமான பாகங்கள் மிகுதி, விலையும் அதிகம்.

இரண்டாவது, காந்தத்தைப் பயன்படுத்துவது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பியின் நுனியில் ஒரு காந்தம் சுழலும். அதன் மேல், அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் காந்தம் சுழலும்போது அலுமினியத்துக்குள் சிறு சிறு மின்னோட்டங்கள் நீர்ச்சுழிபோலத் தோன்றுகின்றன. இவற்றைச் சுழல் மின்னோட்டங்கள் என்பர். மின்னோட்டம் இருந்தால் அங்கே காந்தப்புலமும் உண்டு. எனவே கிண்ணமும் காந்தம் சுழலும் திசையிலேயே இழுபடுகிறது. ஆனால் ஒரு மெல்லிய சுருள்வில் அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்கிறது. காந்தம் வேகமாகச் சுழன்றால் இழுப்பும் கூடும். கிண்ணம் அதற்கேற்பச் சற்று அதிகமாகத் திரும்பும். கிண்ணத்தோடு இணைந்த முள்தான் நாம் பார்க்கும் முள்.

சி.பி.எக்ஸில் இருந்தது இந்த இரண்டாவது வகை. வண்டி 85 மைலைத் தாண்டினால் முள் என்ன ஆகும்? அதைத் தடுக்க ஒரு சிறு முளை இருக்கும். முள் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். கிண்ணமும் நிற்கும். காந்தம் மட்டும் தன்பாட்டில் சுழன்றுகொண்டே இருக்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடவில்லை அல்லவா? அதனால் எதுவும் உடையாது. வண்டியின் வேகமும் குறையாது. ஆகவே வேகமானி வண்டியைக் கட்டுப்படுத்துவதில்லை. அது வெறும் சாட்சிதான்.

எல்லை போடுவது யார்?

அப்படியானால் உச்ச வேகத்துக்கு எல்லை போடுவது யார்? காற்றுதான்!

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? காற்றே வீசாத நாளிலும் வேகமாகப் போனால் காற்று நம்மைப் பின்னே தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தடை நான்கு மடங்காகிறது. அதோடு முடியவில்லை. அந்தத் தடையை எதிர்த்து ஒவ்வொரு நொடியும் இரண்டு மடங்கு தொலைவு போக வேண்டியிருக்கிறது. ஆகவே தேவைப்படும் ஆற்றல் 4 × 2, அதாவது எட்டு மடங்காகிவிடுகிறது. காற்றுத் தடையை மட்டும் கணக்கில் கொண்டால், 60 மைல் வேகத்துக்கு 10 குதிரைத்திறன் போதுமான ஒரு வண்டிக்கு, 120 மைல் வேகத்துக்கு 80 குதிரைத்திறன் வேண்டும்!

இன்ஜின் தரும் ஆற்றல் முழுவதையும் காற்றும் உராய்வும் விழுங்கிவிடும் ஒரு வேகம் வரும். அதற்குமேல் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. அதுதான் வண்டியின் உச்ச வேகம்.

பிளாக் ஷாடோவை அதன் வேகமானியில் இருந்த 150ஐத் தொட வைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நீங்களே கணக்கிடுங்கள். 150ஐ 125ஆல் வகுத்தால் 1.2. அதை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் ஏறக்குறைய 1.73. 55 குதிரைத்திறனை 1.73ஆல் பெருக்கினால் 95 குதிரைத்திறன்! வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதற்கு ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு கூட வேண்டியிருக்கிறது.

உடையைக் களைந்த வீரர்

ஆனாலும் அந்த 150ஐ ஒருவர் தாண்டிக் காட்டினார். அவர் பெயர் ரோலி ஃபிரீ, அமெரிக்கர். 1948 செப்டம்பர் 13ஆம் நாள், யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புப் பாலைவெளியில் அவர் வின்சென்ட் வண்டியை ஓட்டினார். அது பந்தயத்துக்கென்று தனியாகத் தயாரான வண்டி. இந்த ரகத்துக்குப் பின்னர் பிளாக் லைட்னிங் என்று பெயர் வைத்தார்கள். ஆற்றல் சுமார் 70 குதிரைத்திறன். விளக்கு, ஹாரன் போன்ற தேவையற்ற பாகங்கள் எதுவும் அதில் இல்லை.

நம் கணக்குப்படி 95 வேண்டுமே, 70 எப்படிப் போதும்? ஃபிரீயும் இதே சிக்கலைத்தான் சந்தித்தார். தோல் உடை அணிந்து ஓட்டியபோது 150ஐ எட்ட முடியவில்லை. காற்றின் வேகத்தில் உடையும் கிழிந்துபோயிற்று. இன்ஜினிலிருந்து கூடுதல் ஆற்றலைப் பெற வழியில்லை. ஆனால் காற்றின் தடையைக் குறைக்கலாம் அல்லவா? அவர் உடையைக் களைந்தார். நீச்சல் உடையும், தலையில் ஒரு குளியல் தொப்பியும், காலில் கான்வாஸ் செருப்பும் மட்டும் அணிந்தார். இருக்கையில் அமராமல், வண்டியின் மேல் வயிறு படக் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னே நீட்டிக்கொண்டார். வண்டி சீறிப் பாய்ந்தது. வேகம் மணிக்கு 150.313 மைல்!

இந்த வேகம் வேகமானியைப் பார்த்துச் சொன்னது அன்று. அளந்து வைத்த தொலைவைக் கடக்க ஆன நேரத்தைக் கொண்டு கணித்தது. சாதனைகளுக்கு வேகமானியின் சாட்சியை யாரும் ஏற்பதில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆளே இல்லாத உப்பு வெளியில், தேர்ந்த வீரர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த செயல் இது. வழுக்கி விழுந்திருந்தால் அவர் உடலைக் காக்க எதுவுமே இருந்திராது.

எண்ணை எழுதுவது மனிதர்

காற்று போடும் எல்லை ஒன்றாக இருக்க, முகப்பில் வேறு எண்ணை ஏன் எழுதுகிறார்கள்? பல காரணங்கள் உண்டு. சரிவில் இறங்கும்போதும் பின்னிருந்து காற்று தள்ளும்போதும் வண்டி வழக்கமான உச்ச வேகத்தை மீறலாம். அப்போதும் முள்ளுக்கு இடம் வேண்டும். ஒரே வேகமானியைப் பல ரக வண்டிகளுக்குப் பொருத்தினால் செலவு குறையும். பெரிய எண் வாங்குபவரைக் கவரும் என்பதையும் சொல்ல வேண்டுமா?

85க்கு வேறு கதை. 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. எரிபொருளை மிச்சப்படுத்த, 1974இல் அமெரிக்கா நாடெங்கும் சாலை வேகத்தை 55 மைலாகக் குறைத்தது. வேகமானியில் 85 மைலுக்கு மேல் எண்களே இருக்கக் கூடாது என்ற விதி 1979 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெரிய எண் கண்ணில் படாவிட்டால் வேக ஆசையும் எழாது என்பது எண்ணம். 1982இல் இந்த விதியை நீக்கிவிட்டார்கள். எண்ணை மறைத்ததால் இன்ஜினின் ஆற்றல் குறைந்துவிடவில்லை. 85க்கு மேல் போனவருக்குத் தம் வேகம் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

வேகம் தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 40 கிலோமீட்டரில் வரும் வண்டி 80இல் வந்தால், பிரேக் பிடித்த பிறகு அது நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். அதனால்தான் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று ஐக்கிய நாடுகளின் 39ஆம் எண் வாகன விதி கூறுகிறது. சற்றுக் கூட்டிக் காட்டினால் குற்றமில்லை. டயர் தேய்ந்தாலும் வேகமானி கூட்டியே காட்டும். ஏன்? விடையை நீங்களே கண்டுபிடியுங்கள். சக்கரத்தின் சுற்றளவு குறைந்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று ஆகும் என்று யோசித்தால் போதும்.

செய்து பாருங்கள்

நீங்களும் ஒரு வேகமானி செய்யலாம். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு அருகே உள்ள கம்பியில் ஓர் அட்டைத் துண்டைக் கட்டுங்கள். சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றில் சிறு குச்சியைக் கட்டி, சுற்றுக்கு ஒரு முறை அட்டையில் ‘டக்’கென்று தட்டும்படி செய்யுங்கள். சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள். திறந்த மைதானத்தில் ஒருவர் ஓட்டட்டும். மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து 10 விநாடி ஆனதைக் குரல் கொடுக்கட்டும். சுற்றளவு 2.2 மீட்டர், தட்டல் 20 என்றால், 10 விநாடியில் போன தொலைவு 44 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர்! பிளாக் ஷாடோவின் வேகமானி செய்த வேலையும் இதுதான்.

அடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முறையும், குனிந்து ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். முழு மூச்சாக மிதித்தால் எதில் தட்டல்கள் கூடுகின்றன? அந்த எண்களைக் குறித்து வையுங்கள்.