சுவரில் டிவி, சுவருக்குள் கேபிள்: பூச்சு வேலைக்கு முன் போட வேண்டிய திட்டம்

கம்ப்யூட்டர் வாங்கிப் பழகியவர்களுக்கு அடுத்து எழும் ஆசை, அதனை ஹாலில் உள்ள பெரிய டிவியில் இணைத்துப் பார்ப்பதுதான். ஊருக்குப் போய் வந்த போட்டோக்கள், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, திரைப்படம் என எல்லாவற்றையும் குடும்பத்துடன் பார்க்கலாம். டிவியைச் சுவரில் மாட்டி, ஒரு வயர்கூட வெளியே தெரியாமல் அமைத்தால் வீடும் அழகாக இருக்கும்.

ஆனால், டிவி வாங்கியவுடன் மாட்டித் தர வருபவர் சுவரில் துளையிட்டு, பிராக்கெட்டைப் பொருத்தி, டிவியைத் தொங்கவிட்டுச் சென்றுவிடுவார். பவர் கார்டு, செட் டாப் பாக்ஸ் கேபிள், கம்ப்யூட்டர் கேபிள், நெட்வொர்க் கேபிள் எல்லாம் கீழே தொங்கும். அவற்றை மறைப்பது அவர் வேலை அல்ல. சுவர் பூசப்படும் முன்பே நாம் திட்டமிட வேண்டிய வேலை அது. பூசி, பெயின்ட் அடித்த பின்னர் நினைவுக்கு வந்தால் மீண்டும் உடைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன், கொத்தனார், பெயின்டர் என மூவருக்கும் கூலி தர வேண்டும்.

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் உள்ள ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

கேபிளைப் புதைக்காதீர்கள், பைப்பைப் புதையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இந்தத் தலைப்பை வைத்துக் கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு நம் டிவிக்களின் வரலாறே சாட்சி. ஒரு காலத்தில் கேபிள்காரர் தரும் ஒரே ஒரு கோஆக்சியல் வயர் டிவிக்குப் போதுமானதாக இருந்தது. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட் டாப் பாக்ஸ் முறை வந்தபோது, மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற முனைகள் கொண்ட கேபிள்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. கம்ப்யூட்டரை டிவியுடன் இணைக்க 15 பின் கொண்ட வி.ஜி.ஏ. கேபிளும், ஒலிக்குத் தனி கேபிளும் தேவைப்பட்டன. 2002 டிசம்பரில் வெளியான ஹெச்.டி.எம்.ஐ. என்னும் முறை, படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டு சென்று, மெல்ல மெல்ல இவற்றின் இடத்தைப் பிடித்தது. 2017ல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 2.1 பதிப்பின் முழு வேகத்திற்கு அதற்கென உள்ள புதிய கேபிள் வேண்டும்.

அன்று சுவருக்குள் வி.ஜி.ஏ. கேபிளை வைத்துப் பூசியிருந்தால், இன்று அதனால் பயனில்லை. அகலமான பைப்பைப் புதைத்து, அதனுள் கேபிளைச் செலுத்தியிருந்தால், பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக் கொள்ளலாம். சுவர் 40 ஆண்டுகள் நிற்கும். கேபிள் அவ்வளவு நாள் தாங்காது.

முதலில் உயரம்

பைப் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது டிவியின் இடத்தைப் பொறுத்தது. எனவே அதனை முதலில் முடிவு செய்திடுங்கள்.

43 அங்குல டிவி என்றால், அது திரையின் மூலைக்கு மூலை அளவு. அதன் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலமும் 54 செ.மீ. உயரமும் இருக்கும். 55 அங்குலம் என்றால் 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம். செய்தித்தாள்களை ஒட்டி இந்த அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பாருங்கள். கதவு திறந்தால் இடிக்கிறதா, ஜன்னல் வெளிச்சம் எதிரே விழுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருப்பது வசதி. வீட்டில் பெரும்பாலும் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் என்றால் அரை அடி குறைக்கலாம். படம் மாட்டுவது போல உயரத்தில் மாட்டினால் கழுத்து வலிக்கும். 43 அங்குல டிவிக்கு எதிரே ஆறடி தூரத்தில் உட்காருவது நல்ல கணக்கு.

எந்தச் சுவர்?

பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்ட வேண்டும். இதற்குக் கட்டுமான வேலையில் ஒரு விதி உண்டு. மேலிருந்து கீழாக வெட்டும் காடியின் ஆழம், சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் போகக் கூடாது. பக்கவாட்டில் வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான்.

9 அங்குலச் சுவரில் மேலிருந்து கீழாக 3 அங்குலம் வரை வெட்டலாம். 2 அங்குல பைப் இதில் தாராளமாக அடங்கி, அதன் மேல் பூச்சுக்கும் இடம் இருக்கும். அறைகளைப் பிரிக்கும் 4½ அங்குலச் சுவரில் ஒன்றரை அங்குலம்தான் கணக்கு. அங்கு இந்த பைப் வேண்டாம். கான்கிரீட் தூணையும் பீமையும் எந்தக் காரணத்திற்காகவும் வெட்டக் கூடாது. ஃபிளாட் என்றால் எது தூண், எது செங்கல் சுவர் என்று பில்டரிடம் வரைபடம் கேட்டுப் பாருங்கள்.

பக்கவாட்டில் நீளமாக வெட்டுவது சுவரைப் பலவீனப்படுத்தும். எனவே கம்ப்யூட்டர் மேஜையையும் டிவி இருக்கும் அதே சுவரின் அருகில் அமைத்துக் கொள்வது நல்லது.

பைப் எவ்வளவு அகலம்?

வீட்டு வயரிங்கிற்கு வழக்கமாகப் போடப்படும் 20 அல்லது 25 மி.மீ. பைப் இதற்குப் போதாது. ஹெச்.டி.எம்.ஐ. பிளக்கின் உலோக முனையே சுமார் 14 மி.மீ. அகலம். பிடியையும் சேர்த்தால் 20 மி.மீ. அளவிற்கு வந்துவிடும். 25 மி.மீ. பைப்பின் உள் அகலத்தில் இது திணறும். வளைவு வந்தால் நின்றே விடும். 50 மி.மீ., அதாவது 2 அங்குல பி.வி.சி. பைப் போடுங்கள்.

ஒரு முனை டிவிக்குப் பின்புறமும், மறு முனை செட் டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் இருக்கும் இடத்திலும் திறக்க வேண்டும். திருப்பங்களில் செங்குத்தான எல்போ வேண்டாம்; மெல்ல வளையும் பெண்ட் போடச் சொல்லுங்கள். பைப்பினுள் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரு முனைகளிலும் கட்டி வையுங்கள். பின்னாளில் எந்தக் கேபிளையும் இந்தக் கயிற்றில் கட்டி இழுத்துவிடலாம்.

மின்சாரத்திற்குத் தனிப் பாதை

230 வோல்ட் வயரை இந்த பைப்பில் கேபிள்களுடன் சேர்த்துவிடக் கூடாது. வயரின் மேலுறை எங்காவது கிழிந்தால், கேபிளின் உலோக உறை வழியாகக் கம்ப்யூட்டர் வரை மின்சாரம் பாயலாம். பவருக்குத் தனி பைப் வேண்டும். இரண்டிற்கும் இடையே அரை அடியாவது இடைவெளி விடுங்கள்.

டிவியுடன் வரும் பவர் கார்டைச் சுவருக்குள் வைத்துப் பூசவே கூடாது. அது அதற்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. வழக்கமான வயரிங் வயரை பைப்பில் கொண்டு வந்து, டிவிக்குப் பின்னால் எர்த் இணைப்புடன் ஒரு சாக்கெட் அமைக்க வேண்டும். பிராக்கெட்டிற்கும் சுவருக்கும் இடையே உள்ள இடம் மிகக் குறைவு. பிளக் நீட்டிக் கொண்டிருந்தால் டிவி சுவரோடு ஒட்டாது. எனவே சாக்கெட்டைப் பிராக்கெட்டிற்குப் பக்கத்தில் தள்ளி, சுவருக்குள் சற்று உள்வாங்கியபடி பொருத்தச் சொல்லுங்கள். அதற்கான சுவிட்ச், கை எட்டும் இடத்தில் வெளியே இருக்கட்டும். வீட்டில் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சாதனம் இல்லையெனில், இந்த வேலையுடன் சேர்த்து அதனையும் பொருத்திவிடுங்கள். மின் கசிவு ஏற்பட்டவுடன் அது சப்ளையைத் துண்டித்துவிடும்.

மழை நீரையும் கணக்கில் சேருங்கள்

வெளிநாட்டுப் புத்தகங்களில் கேபிளின் கீழ் முனையைத் தரையை ஒட்டி அமைக்கச் சொல்வார்கள். ஏரியை ஒட்டிய சிட்லபாக்கத்தில் அப்படிச் செய்ய முடியாது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இங்கு பல தெருக்களில் மழை நீர் சூழ்ந்தது. தரையை ஒட்டிச் சாக்கெட் இருந்தால் வீட்டிற்குள் நீர் வந்ததும் முதலில் நனைவது அதுதான். பைப்பின் வாயும் அங்கே இருந்தால் நீரும் சேறும் உள்ளே புகுந்து, வடிந்த பின்னரும் தங்கிவிடும்.

உங்கள் தெருவில் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை நெடுநாள் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். கீழ் முனையை அதைவிட ஒரு அடி உயரத்தில் வையுங்கள். நீர் வராத தெருவாக இருந்தாலும் இரண்டு அடிக்குக் கீழே வேண்டாம். செட் டாப் பாக்ஸ், மோடம், சிறிய யு.பி.எஸ். ஆகியவற்றைத் தரையில் வைக்காமல் சுவரில் ஒரு ஷெல்ஃப் அடித்து அதன் மேல் வைக்கலாம். பவர் பைப்பைத் தரை வழியாகக் கொண்டு வராமல் சுவிட்ச் போர்டிலிருந்து மேல் வழியாக இறக்குங்கள்.

சுவரில் ஓதம் இருந்தால், அதனைச் சரி செய்த பின்னரே டிவி மாட்ட வேண்டும். ஓதச் சுவரில் பிளக்கும் ஸ்குரூவும் இளகும்; டிவியின் பின்புறம் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரைப் பார்த்து முடிவு செய்தால் உண்மை தெரியும்.

என்னென்ன கேபிள்கள்?

1. ஹெச்.டி.எம்.ஐ. இரண்டு: ஒன்று செட் டாப் பாக்ஸிற்கு, மற்றொன்று கம்ப்யூட்டருக்கு. 4கே டிவி எனில் பிரீமியம் ஹை ஸ்பீடு என்று குறிக்கப்பட்ட கேபிள் வாங்கவும். சாதாரணச் செப்புக் கேபிளில் 5 மீட்டருக்கு மேல் போனால் 4கே படம் விட்டுவிட்டு வரலாம். அதற்கு மேல் ஆப்டிகல் வகைக் கேபிள் தேவை. இந்த வகையில் ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறு முனை டிவிக்கு என்று தனித்தனியே குறித்திருப்பார்கள். இழுக்கும் முன் பார்த்துக் கொள்ளவும்.

2. கேட் 6 நெட்வொர்க் கேபிள் ஒன்று. வை-ஃபை இருந்தாலும், படம் தடையின்றி ஓடக் கேபிளே நம்பகமானது.

3. ஆர்.ஜி. 6 கோஆக்சியல் கேபிள் ஒன்று. டிஷ் அல்லது கேபிள் இணைப்பிற்கு.

எந்தக் கேபிளையும் பைப்பில் விடும் முன், கம்ப்யூட்டரையும் டிவியையும் நேரடியாக இணைத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கேபிள் வாங்குபவர்கள் திரும்பப் பெறும் வசதி உண்டா என்று கேட்டு வாங்கவும்.

வாடகை வீடா?

சுவரை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். 4½ அங்குலச் சுவருக்கும் இதே தீர்வுதான். மூடியுடன் கூடிய அகலமான பி.வி.சி. கேசிங் பட்டியைச் சுவரின் மேல் ஒட்டி, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடுங்கள். நான்கடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. காலி செய்யும்போது கழற்றிச் செல்லலாம்.

கம்ப்யூட்டரை இணைத்தல்

எல்லாம் முடிந்த பின், டிவி ரிமோட்டில் இன்புட் அல்லது சோர்ஸ் பட்டனை அழுத்தி, கேபிள் செருகிய ஹெச்.டி.எம்.ஐ. எண்ணைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயை அழுத்தியபடி பி கீயை அழுத்தவும். கிடைக்கும் பட்டியலில் டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு திரையிலும் ஒரே காட்சி தெரியும். ஒலி டிவியில் வரவில்லை எனில், ஸ்பீக்கர் ஐகானில் கிளிக் செய்து டிவியின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். டைப் சி போர்ட் மட்டும் உள்ள லேப்டாப்பிற்கு அடாப்டர் வேண்டும். ஆனால் எல்லா டைப் சி போர்ட்டும் படத்தை அனுப்பாது என்பதால், வாங்கும் முன் லேப்டாப்பின் கையேட்டைப் பார்க்கவும்.

பூசும் முன் ஒரு போட்டோ

காடியில் பைப் வைத்த பின், கொத்தனார் பூசத் தொடங்கும் முன், சுவரில் அளவு டேப்பை விரித்து வைத்து நான்கைந்து போட்டோ எடுத்துவிடுங்கள். தரையிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் பைப்புகள் எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பது அதில் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அந்தப் போட்டோக்களைச் சேமித்து, பென் டிரைவில் ஒரு காப்பியும் வைத்துக் கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கழித்துப் பெரிய டிவி வாங்கிப் புதிய துளை போடும்போது, டிரில் முனை மின் வயரில் இறங்காமல் காப்பாற்றப் போவது அந்தப் போட்டோக்கள்தான்.